இடது காலும் கியர்பாக்ஸும்: திருப்போரூர்ச் சாலையில் வண்டி தள்ளுதல் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

படுக்கையும் அடுப்பும் வைத்த கேரவன் வண்டியைக் காரின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றும் வழக்கம் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் உண்டு. இழுக்கும் காருக்கு மேனுவல் கியர் நல்லதா, ஆட்டோமேட்டிக் நல்லதா என்று அங்கே தீராத வழக்கு. திருப்போரூர் வட்டாரத்தில் அதே வழக்கு இரண்டு சக்கரத்தில் நடக்கிறது. தையூர் தாண்டி ஒரு பைக் பெட்ரோல் தீர்ந்து நிற்கிறது. பின்னால் வந்தவர் வேகத்தைக் குறைக்கிறார்.

“பெட்ரோலா, பஞ்சரா?”

“பெட்ரோல்ணா.”

“நியூட்ரல்ல போட்டு ஏறி உக்காரு. பிரேக்கைத் தொடாத.”

வந்தவரின் இடது கால் நீண்டு, நின்ற வண்டியின் பின்சீட் ஃபுட்ரெஸ்டில் ஊன்றிக்கொள்கிறது. ஒரே எஞ்சினில் இரண்டு வண்டிகள் பங்க்கை நோக்கிப் புறப்படுகின்றன. இந்தத் தொண்டுக்கு வரும் வண்டி கியர் உள்ளதாக இருக்க வேண்டுமா, இல்லாததாகவா என்பதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள். பஞ்சரான வண்டிகள் ஆய்வு எல்லைக்கு வெளியே நிறுத்தப்படுகின்றன.

பிணியின் காரணங்கள்

பாட்டிலில் பெட்ரோல் தர பங்க்குகள் மறுக்கின்றன. ஆகவே பெட்ரோல் வண்டியைத் தேடி வராது. வண்டிதான் போக வேண்டும். முன்பெல்லாம் ரிசர்வ் என்றொரு திருகு இருந்தது. அதைத் திருப்பி, அதுவும் தீர்ந்தால் வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, டேங்க் வாயில் ஊதி, இன்னும் சிறிது தூரம் ஓட்டிவிடலாம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்து கார்புரேட்டர் இருந்த இடத்தில் ஃபியூயல் இன்ஜெக்ஷன் உட்கார்ந்ததும் திருகு போயிற்று. இப்போது முள் சொல்வதை நம்ப வேண்டும்.

முன்னோடி முயற்சிகள்

இவ்வட்டாரத்தில் கனமானதை நகர்த்தப் பார்த்த வரலாறு இரண்டு உண்டு. ஒன்று தோற்றது. மாமல்லபுரத்தில் சரிவில் நிற்கும் கிருஷ்ணன் வெண்ணெய் உருண்டையை, சுமார் 250 டன் எடையுள்ளது என்கிறார்கள், 1908-இல் கவர்னர் ஆர்தர் ஹேவ்லாக் ஏழு யானைகளைப் பூட்டி இழுக்கச் சொன்னதாகவும் அது அசையவில்லை என்றும் கதை. ஹேவ்லாக் 1900-இலேயே பதவி முடிந்து போய்விட்டார். 1908-இல் இருந்தவர் ஆர்தர் லாலி. ஆர்தர் பொதுவாக இருப்பதால் பெயரோ வருடமோ ஒன்று பிசகியிருக்க வேண்டும். யானைகளின் எண்ணிக்கையில் மட்டும் யாருக்கும் ஐயமில்லை.

மற்றது ஆண்டுதோறும் வெல்கிறது. திருப்போரூர் கந்தசாமி கோயிலின் மாசிப் பெருவிழாத் தேர். தேர் இழுத்தவர்களுக்கு இயந்திரவியலின் முதல் பாடத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை: நின்ற தேரைக் கிளப்புவதுதான் பாடு. பின்னாலிருந்து தடி போட்டு நெம்ப வேண்டும், வடத்தில் இருப்பவர்கள் ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். உருண்டு விட்டால் பாதிப் பேர் வடத்தைத் தொட்டுக்கொண்டு நடந்தாலே போதும். அதன் பிறகு கவலையெல்லாம் முட்டுக்கட்டை போடுபவருக்கு.

பைக்குக்கும் கணக்கு இதேதான். சுமார் 106 கிலோ எடையுள்ள ஆக்டிவா, மேலே அறுபத்தைந்து கிலோ ஆள். சமதளச் சாலையில் உருண்டுகொண்டிருக்கும் அதைத் தொடர்ந்து உருட்ட, மூன்று நான்கு கிலோ எடையைத் தூக்கும் அளவு அழுத்தம் போதும். நின்ற இடத்திலிருந்து பத்து விநாடியில் 20 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர மேலும் பத்து கிலோ அளவு வேண்டும். தொல்லை முதல் பத்து விநாடியில்தான்.

சட்டப் பின்புலம்

1989-ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகளில் இருபதாவது விதி, பழுதான வண்டியை அருகிலுள்ள பணிமனைக்கோ பெட்ரோல் பங்க்குக்கோ இழுத்துச் செல்ல அனுமதித்தது. இரு வண்டிகளுக்கும் இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. எந்த மனிதக் காலும் இவ்வரம்பை மீறாது. வேகம் மணிக்கு 24 கிலோமீட்டருக்குள். இழுபடும் வண்டியின் பின்னால், 75 மில்லிமீட்டருக்குக் குறையாத உயர எழுத்துகளில், வெள்ளையில் கறுப்பாக, இது இழுபடுகிறது என்று எழுதிய பலகை. நடைமுறையில் அந்தப் பலகையின் வேலையைத் தள்ளுபவர் வீசும் கையும், விடாமல் அடிக்கும் ஹாரனும் செய்கின்றன. விதி பேசியது இழுப்பதைப் பற்றி. காலால் தள்ளுவது அதன் கற்பனைக்கு எட்டவில்லை. 2017-இல் அவ்விதிகளின் இடத்தில் புதியவை வந்தன.

இயந்திரவியல்

கேரவன் இழுப்போர் ஆட்டோமேட்டிக்கைப் புகழ்வதற்குக் காரணம் டார்க் கன்வெர்ட்டர். ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மான் ஃபாட்டிங்கர் 1905-இல் கப்பல்களுக்காகக் கண்டது அது. எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே உலோகத் தட்டுகளுக்குப் பதில் எண்ணெய் சுழல்கிறது. கிளம்பும் கணத்தில் எஞ்சினின் முறுக்குவிசையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கித் தருகிறது. தடி போட்டு நெம்புவதும் வடம் இழுப்பதும் ஒரே டப்பாவுக்குள்.

எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் இந்தப் பாக்கியம் கிடையாது. 2014-இல் மாருதி செலிரியோவோடு நம் ஊரில் பரவிய ஏ.எம்.டி. வண்டிகளில் இருப்பது வழக்கமான கிளச் தட்டுதான்; அதை மிதிப்பது மட்டும் ஓட்டுநரின் கால் அல்ல. ஸ்கூட்டர் கதை வேறு. பெல்ட்டும், அகன்று சுருங்கும் கப்பிகளும், எஞ்சின் வேகம் கூடினால்தான் விரிந்து பற்றும் கிளச் ஷூக்களும் அதன் உறுப்புகள். இன்னொரு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஆமை வேகத்தில் போனால் ஷூ முழுதாகப் பற்றாமல் உரசிக்கொண்டே இருக்கும். சூடு ஏறும், வாடை வரும்.

தள்ளப்படும் வண்டியாக இருக்கும்போது ஸ்கூட்டர் சாது. எஞ்சின் ஓடாதபோது கிளச் தானாகவே விலகி நிற்பதால் சக்கரம் இலகுவாக உருளும். ஆட்டோமேட்டிக் கார் அப்படியல்ல. அதன் கியர்பாக்ஸில் எண்ணெய் பாய்ச்சும் பம்ப் எஞ்சினால் ஓடுவது; எஞ்சின் அணைந்த நிலையில், கியர்பாக்ஸோடு இணைந்த சக்கரங்கள் தரையில் உருள இழுத்துப் போனால் கியர்பாக்ஸ் வறண்டு தேயும். லாரி மேல் ஏற்ற வேண்டும், அல்லது அந்தச் சக்கரங்களையாவது தூக்கி நிறுத்த வேண்டும்.

காலியல்

இனிதான் ஆய்வின் மையம். நின்ற வண்டி சாலையின் இடது ஓரத்தில் ஒதுங்கியிருக்கும். தள்ளுபவர் அதன் வலப்பக்கம் சற்றுப் பின்னால் வருவார். எனவே நீட்ட வேண்டியது இடது கால். 1994 முதல் ஓடும் ஸ்ப்ளெண்டர் தொடங்கி இன்றைய பைக்குகளில் கியர் மாற்ற வேண்டியதும் அதே இடது கால்.

முதல் கியரில் கிளப்பிவிட்டு இரண்டாவதுக்கு மாற்றக் காலை எடுத்தால், முன்வண்டி தளர்ந்து பின்தங்குகிறது. “என்னண்ணா ஆச்சு?” என்று அதன் மேல் இருப்பவர் திரும்பிப் பார்க்கிறார், ஹேண்டில் கோணுகிறது. பழகியவர்கள் ஆகவே எடுத்த எடுப்பில் இரண்டாவது கியரில் வைத்து, பாதி கிளச் பிடித்தே கிளம்புகிறார்கள். காலின் வேலை இடது கை விரல்களுக்கும் கிளச் தட்டுக்கும் மாற்றலாகிறது. இடப்பக்கம் போய் வலது காலால் தள்ளலாமே என்றால், பின் பிரேக் மிதி அனாதையாகும். தள்ளுபவர் மண்ணில் இறங்குவார். வழக்கம்போல வலப்பக்கமே வந்தாலும், நின்ற வண்டியின் சைலன்சர் அங்கே இருப்பதால் செருப்பு ரப்பர் தனியாக ஒரு பாடு.

பழைய ஏற்பாடுகள் இந்த வேலைக்கென்றே செய்தவை போல இருந்தன. 1972-இல் வந்த பஜாஜ் சேத்தக்கில் கியர் இடது கைப்பிடியில். இடது காலுக்கு ஓட்டுவதில் பங்கே இல்லை. ஆட்டோவிலும் கைக்கியர்தான், ஓர் ஆட்டோவை இன்னோர் ஆட்டோ காலால் தள்ளிச் செல்வது இன்றும் காணும் காட்சி. பழைய புல்லட்டில் கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம். தள்ளிக்கொண்டே கியர் மாற்றலாம், நிறுத்த மட்டும் முன் பிரேக்கை நம்ப வேண்டும்.

1984-இல் கைனடிக் ஹோண்டாவும் 2001-இல் ஆக்டிவாவும் வந்தபோது இரண்டு பிரேக்கும் கைக்கு ஏறின. இரண்டு காலும் வேலையற்றவை ஆயின. கோவளத்திலிருந்து மீன் பெட்டி கட்டி வரும் டி.வி.எஸ். எக்ஸ்எல்லும் இதே சாதி: ஒரே கியர், தானே பற்றும் கிளச்.

முடிவுகள்

ஒன்று, கியர் உண்டா இல்லையா என்பதைவிட அது கையில் இருக்கிறதா காலில் இருக்கிறதா என்பதே தேர்வைத் தீர்மானிக்கிறது. சேத்தக் முதலிடம், ஸ்கூட்டர் இரண்டாமிடம், இன்றைய பைக் மூன்றாமிடம். அந்தப் பழைய கியர் சேத்தக் கண்ணில் படுவது அரிதென்பதால் பதவி ஸ்கூட்டருக்கே போகிறது.

இரண்டு, தள்ளும் ஸ்கூட்டர் ஊர்ந்து போகக் கூடாது. 20 கிலோமீட்டரில் சீராகப் போனால் ஷூ முழுதாகப் பற்றும், சட்டம் சொன்ன வேகத்துக்கும் உட்பட்டது.

மூன்று, பேட்டரி இறங்கி நின்ற வண்டியில் கியர் இருந்தால் ஒரு சலுகை: உருளும்போது இரண்டாவது கியரில் போட்டுக் கிளச்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளலாம். தள்ளுபவர் அதற்குச் சற்று முன் காலை எடுத்துவிட வேண்டும். ஸ்கூட்டரில் அந்த வழி இல்லை.

இனி ஆய வேண்டியவை

ஓசூரில் ஏத்தரும் டி.வி.எஸ்.ஸும், போச்சம்பள்ளியில் ஓலாவும் செய்யும் மின்சார ஸ்கூட்டர்களில் மாற்றுவதற்குக் கியரே கிடையாது. சார்ஜ் தீர்ந்தால் பங்க் போதாது. சார்ஜர் உள்ள இடம்வரை, இல்லையேல் வீடுவரை தள்ள வேண்டும். ஆலத்தூரிலிருந்து கேளம்பாக்கம்வரை அப்படித் தள்ளினால், தள்ளும் ஸ்கூட்டரின் கிளச் ஷூ எவ்வளவு சூடாகும் என்பது அடுத்த கட்ட ஆய்வு. அதற்கான உத்தேசச் செலவுப் பட்டியலில் முதல் வரி: இடது கால் செருப்பு, ஒற்றை.