தீப்பெட்டி ஊரிலிருந்து ஒரு பல் கடிதம்

யோன்ஷோப்பிங், சுவீடன்

அன்புள்ள அக்காவுக்கு,

  இங்கே டிசம்பரில் மூன்றரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. மாமா இருந்தால் அப்போதே ராத்திரி சாப்பாடு கேட்பார். வஞ்சிரம் கிடையாது, காசிமேட்டு வாய்க்கு சால்மன்தான் தண்டனை.

ஒரு சங்கதி தெரியுமா? நம்ம விம்கோ நகருக்குப் பேர் தந்த தீப்பெட்டிக் கம்பெனியை 1923-ல் ஆரம்பித்தது சுவீடன்காரன்தான். அந்தத் தொழிலுக்குப் பேர்போன ஊர் இது. பழைய ஆலையை மியூசியமாக்கி டிக்கெட் போட்டிருக்கிறார்கள். திருவொற்றியூரிலிருந்து ஹெட் ஆபீசுக்கு மாற்றலாகி வந்தேன் என்று ஊரில் சொல்லிவை.

பல் ஆஸ்பத்திரியிலிருந்து பாப்பாவுக்குக் கடிதம் வந்தது. வலியில்லை, வீக்கமில்லை, அவர்களாகவே கூப்பிடுகிறார்கள். நாமெல்லாம் கிராம்பு எண்ணெய் தீர்ந்து, கன்னம் வீங்கின பிறகுதானே கிளம்புவோம்! குழந்தைகளுக்கு இலவசம் என்றதும், என்னையும் குழந்தைக் கணக்கில் எழுத முடியுமா என்று உன் தம்பி பெண்டாட்டி விசாரித்தாள்.

டாக்டரம்மா மேல் ஈறை விரலால் தடவிப் பார்த்தார். பத்து வயதில், வரப்போகும் கோரைப்பல் அங்கே மேடாகத் தட்டுப்பட வேண்டுமாம். ஒரு பக்கம் இருந்தது, மறுபக்கம் இல்லை. எக்ஸ்ரே எடுத்தால், அது அண்ணத்துப் பக்கம் சாய்ந்து, பக்கத்து வெட்டுப்பல்லின் வேரை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது! நம்ம தெருவில் பக்கத்து வீட்டு அஸ்திவாரத்தை ஒட்டிக் குழி தோண்டுகிறவர்களைப் போலத்தான். வெட்டுப்பல் வெளியே பளபளவென்றிருக்கும், உள்ளே வேர் கரைந்துகொண்டிருக்கலாம். பெரும்பாலும் வலிக்கவே வலிக்காது. கரைந்த வேர் திரும்ப வளராது.

இதை ஆராய்ந்த எரிக்சன், குரோல் இருவரும் இந்த ஊரில் வேலை பார்த்தவர்கள். தடம் மாறிய கோரைப்பல் உள்ள பிள்ளைகளை சிடி ஸ்கேன் எடுத்து, 2000-ல் ஒரு கணக்குச் சொன்னார்கள்: அதன் பக்கத்து வெட்டுப்பற்களில் 38 சதவீதத்துக்கு வேர் அரித்திருந்ததாம். அதற்கு முன்பே, 1988-ல், சுலபமான வழியும் காட்டினார்கள். பால் கோரைப்பல்லைக் காலத்தில் பிடுங்கினால் புதுப்பல் பெரும்பாலும் தானே தடத்துக்கு வருகிறது. பக்கத்துப் பல்லின் பாதியைத் தாண்டாதவற்றில் 91 சதவீதம் தேறின. தாண்டியவற்றில் 64 சதவீதம்தான். விட்டுவிட்டால், அப்புறம் ஈறைத் திறந்து, பல்லில் கம்பி கட்டி, மாதக்கணக்கில் இழுக்க வேண்டும்.

பாப்பாவுக்குப் பிடுங்கியாயிற்று. நாம் சாணியில் உருட்டிக் கூரைமேல் வீசுவோம். இங்கே ஒரு கிளாஸ் தண்ணீரில் பல்லைப் போட்டுவைத்தால், ராத்திரி தேவதை வந்து காசு வைக்கும். தேவதை வருவது என் பர்ஸ் வழியாக.

சின்னவனுக்கும் பத்து ஆகிறதே அக்கா. மேல் ஈறில் இரண்டு பக்கமும் தடவிப் பார். ஒரு பக்கம் மட்டும் மேடு இல்லையென்றால், கோட்டை ஸ்டேஷன் பக்கத்திலிருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல். தெத்துப்பல் அதிர்ஷ்டம் என்று அத்தை தடுப்பார். வெளியே தெரிகிற பல்லுக்குத்தான் அந்த அதிர்ஷ்டமெல்லாம். உள்ளே ஒளிந்திருப்பதற்கு டாக்டர்தான். பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாதே.

அன்புத் தம்பி