கனெக்‌ஷன்காரர்

ரயிலிலிருந்து இறங்கிப் பஸ்ஸில் ஏறுவதைப் பயணமாக எண்ணாமல் பதவியாக எண்ணுபவர் கனெக்‌ஷன்காரர். சென்னையில் 1895 முதல் 1953 வரை டிராம் ஓடிய காலத்தில் இந்த இனம் அங்கே செழித்திருக்கும். இப்போது இவரை நன்றாகப் பார்க்கக் கிடைக்கும் இடம் கடலூர்–சிதம்பரம் பாதை. பெரும்பாலும் ஐம்பது தாண்டிய ஆண். வீடு சிதம்பரத்தில், அலுவலகம் கடலூர் மஞ்சக்குப்பத்தில். சட்டைப்பையில் சீசன் டிக்கெட், கையில் ஐந்து நிமிடம் முன்னே ஓடும் கடிகாரம். யாராவது மணி கேட்டால் அந்த ஐந்தைக் கழித்துவிட்டுத்தான் சொல்வார் என்பதால் முன்னே ஓடி ஒரு பயனும் இல்லை.

இவர் தோன்றக் காரணம் கடலூரின் அமைப்பு. ஊர்ப் பெயரைத் தாங்கிய கடலூர் துறைமுகம் சந்திப்பு முதுநகரில், அதாவது ஓ.டி.யில் இருக்கிறது. விருத்தாசலத்திலிருந்து நெய்வேலி, வடலூர் வழியாக வரும் பாதை பிரதான பாதையோடு சேருவது அங்கேதான். பேருந்து நிலையமோ ஏறக்குறைய 5 கிலோமீட்டர் வடக்கே, திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தை ஒட்டி இருக்கிறது. போதாக்குறைக்குச் சில விரைவு வண்டிகள் இரண்டில் ஒன்றில்தான் நிற்கும். பெயரை நம்பிப் பெட்டி படுக்கையோடு ஓ.டி.யில் இறங்கி, பஸ் ஸ்டாண்டு எங்கே என்று தேடும் வெளியூர்க்காரரைக் காப்பாற்றுவதே கனெக்‌ஷன்காரரின் பிறவிப் பயன். ஆலப்பாக்கத்திலேயே ஆரம்பித்துவிடுவார்.

“தம்பி, எங்க எறங்கணும்?”

“கடலூருங்க. பஸ் ஸ்டாண்டு போகணும்.”

“அப்ப அடுத்தாப்புல எறங்கிடாதீங்க. பேரப் பாத்து ஏமாந்தவங்க எத்தன பேரு தெரியுமா? திருப்பாப்புலியூர் வரட்டும், நான் சொல்றேன்.”

இத்தோடு நிறுத்தினால் புண்ணியம். நிறுத்த மாட்டார். கல்லில் கட்டிக் கடலில் போட்ட அப்பரே திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம்தான் கரையேறினார், ஓ.டி.யில் ஏறவில்லை என்பார். கரையேறவிட்ட குப்பத்தைச் சாட்சிக்கு அழைப்பார். தம்பி அதற்குள் தூங்கியிருப்பார்.

சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் வழியாக நேர் பஸ் அடிக்கடி உண்டு. ஏறி உட்கார்ந்தால் போதும். மாறி ஏற எதுவும் இல்லை என்பதே அதில் இவர் காணும் குறை. ஆகவே பாசஞ்சரில் வருவார். கிள்ளையில் ஒரு நிமிடம் போச்சு, பரங்கிப்பேட்டையில் ரெண்டு போச்சு என்று ரயில்வேயின் கணக்கைத் தன் கணக்காக எழுதிக்கொள்வார். துறைமுகம் தாண்டியதும் எழுந்து வாசலுக்கு வந்துவிடுவார். வெளியேறும் வழிக்கு நேராக எந்தப் பெட்டி நிற்குமோ அதில்தான் காலையில் ஏறியிருப்பார். வண்டி நின்றதும் நிற்காததுமாக இறங்கி, லாரன்ஸ் ரோட்டுக் கூட்டத்தைப் பிளந்து பேருந்து நிலையத்துக்குள் நுழையும்போது மஞ்சக்குப்பம் போகும் டவுன் பஸ் முதுகைக் காட்டிக்கொண்டு வெளியேறும்.

“ட்ரெயினு ரெண்டு நிமிஷம் லேட்டு” என்று அடுத்த பஸ்ஸின் கண்டக்டரிடம் முறையிடுவார். “நீங்க வர்றீங்கன்னு முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சார்” என்பார் அவர்.

இதில் யார் மேலும் குற்றம் இல்லை. ரயிலின் நேரத்தைத் தெற்கு ரயில்வே வகுக்கிறது; பஸ்ஸின் நேரத்தை அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டம் வகுக்கிறது. ஒன்றின் தாமதம் மற்றொன்றின் காதுக்கு எட்டுவதில்லை. எட்டவைக்கும் வேலையைத்தான் இவர் சம்பளம் இல்லாமல் பார்க்கிறார். அடுத்த பஸ் வரும்வரை டீக்கடையில் இவர் நிற்கும் நேரத்தில் நடந்திருந்தால் கெடிலம் பாலத்தைத் தாண்டி மஞ்சக்குப்பத்துக்கே போயிருக்கலாம். இதை எடுத்துச் சொன்னவர்கள் பகையைச் சம்பாதித்திருக்கிறார்கள்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இவருடைய மனைவி வருகிற பஸ்ஸில் ஏறுகிறார், இறங்க வேண்டிய இடத்தில் இறங்குகிறார். கனெக்‌ஷன் என்று பேச்செடுத்தால், “அவரு வரட்டும், அவருகிட்டயே கேளுங்க” என்பதோடு சரி.

சிதம்பரத்தில் இவருக்கு வேலை குறைவு. ரயில் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் நடக்கிற தூரம்தான். ஷேர் ஆட்டோக்காரர்கள் ஊரையே கூப்பிட்டாலும் இவரைக் கூப்பிட மாட்டார்கள், பழகிவிட்டது. பிச்சாவரம் போகிறவர்களை ஒழுங்காகப் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பிவைப்பார். 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தண்டவாளத்துக்குக் கிழக்கே இருக்கிறது. பிள்ளையைச் சேர்க்க வருகிற பெற்றோரிடம், “பஸ்ஸே வேணாங்க, அந்தாண்டப் பக்கம் போயிடுங்க” என்று சொல்லும்போது மட்டும் முகம் வாடும். மார்கழியில் ஆருத்ரா தரிசனக் கூட்டத்தில் பஸ்கள் வழி மாறிவிட, இவரே யாரிடமாவது வழி கேட்டுக்கொண்டு நிற்பதைக் காணலாம்.

விழுப்புரம்–மயிலாடுதுறைப் பாதையை அகலப் பாதையாக்குவதற்காக 2006 கடைசியில் ரயிலை நிறுத்தி 2010இல் மறுபடி விட்டார்கள். இடைப்பட்ட காலம் இவருக்கு அஞ்ஞாதவாசம். நேர் பஸ்ஸில், நேரத்துக்கு அலுவலகம் போய்ச் சேர்ந்த அவமானம் இன்னும் ஆறவில்லை.

இவருடைய புலமையின் உச்சம் புதுச்சேரி. கடலூரிலிருந்து 22 கிலோமீட்டர். பாண்டி பஸ் சும்மா சும்மா வரும். நேர் ரயில் பாதை கிடையாது. ஆனால் விழுப்புரம் போய், 1879இல் போட்ட புதுச்சேரிக் கிளைப் பாதையில் மாறினால் ரயிலிலேயே போய்விடலாம் என்று விரலை மடக்கி மடக்கி விளக்குவார். அப்படிப் போனவரைக் கண்டதில்லை, இவரும் போனதில்லை.

கடலூரில் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் திருப்பாதிரிப்புலியூரில் இறங்கவும். கனெக்‌ஷன்காரரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார். கேட்பதற்கு அரை மணி நேரம் கையில் இருக்க வேண்டும்.