டயருக்கு மானியம் வேண்டாம், ஐயா

வேளாண் இயந்திர மானியத் திட்டத்தை நடத்தும் பெருமக்களுக்கு,

2014-15இல் நீங்கள் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம், உச்சவரம்புக்கு உட்பட்டு, சிறு குறு உழவர்க்கு இயந்திர விலையில் 50 விழுக்காடு வரை தருகிறது. ஊருக்கு ஊர் மினி டிராக்டரும் பவர் டில்லரும் நிற்பதில் உங்களுக்குப் பங்குண்டு. ‘நிற்பதில்’ என்று தெரிந்தே எழுதுகிறேன். அவற்றின் பின்னால் மாட்டும் சிறு டிரெய்லர்ப் பெட்டியின் டயர் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதே அதிகம். எரு அடிக்கச் சில நாள், அறுவடைக்குச் சில நாள், மீதி நாளெல்லாம் மரத்தடி வாசம். காற்று மெல்ல இறங்கும்; பெட்டியின் பாரம் டயரின் ஒரே இடத்தில் உட்காரும்; வெயிலில் பக்கவாட்டு ரப்பர் வெடிப்பு விடும். பட்டன் தேயாமலே டயர் செத்துப்போகும். அரைக் காற்றோடு மூட்டை ஏற்றினாலோ, ரிம்மில் டயர் வழுக்கி டியூபையும் இழுக்க, வால்வு அடியோடு பிய்ந்துவிடும். இத்தனைக்கும் உங்கள் கோப்பில் அது புத்தம் புது இயந்திரம்.

டயரைக் கெடுப்பவரில் அடுத்தவர் சீமைக் கருவேலம். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்ன அதே மரம். உத்தரவுக்குப் பணியாத அதன் முள், டயருக்குள் பணிவாக நுழைகிறது. டியூபை ஒட்டி மாட்டியதும் மறுபடி காற்று இறங்கினால் பஞ்சர் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. முறிந்த முள்முனை டயரின் உட்புறத்திலேயே காத்திருக்கும். உள்ளே கைவிட்டுத் தடவிப் பிடுங்காதவரை ஒட்டுக்கு மேல் ஒட்டுதான். இரண்டே சக்கரமுள்ள பெட்டியில் ஒன்று படுத்தால் பாரம் மொத்தமும் சாயும். ஸ்டெப்னி இல்லாத பெட்டிக்கு அப்புறம் வரப்புதான் பணிமனை.

“டயர் தேய்மானப் பொருள், அதற்கெல்லாம் அரசு பணம் தருமா?” என்பீர்கள். வேண்டாம், ஐயா. டயர் அளவு, பிளை, தாங்கும் எடை, நிரப்பவேண்டிய காற்று ஆகிய நான்கையும் பெட்டியின் மேல் பெயின்டில் எழுதச் சொல்ல எவ்வளவு பணம் வேண்டும்? “பராமரிக்காதது உழவர் குற்றம்” என்பதில் பாதி உண்மை. ஓய்வுக் காலத்தில் பெட்டியைக் கட்டையில் ஏற்றி, டயருக்குச் சாக்குப் போர்த்தலாம். ஆனால் எத்தனை பவுண்டு காற்று என்று யாரும் சொல்லாத டயருக்குக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதன்றி வேறென்ன பராமரிப்பு? காற்றுக்குப் பதில் ரப்பர் போன்ற கலவையை நிரப்பிவிட்டால் பஞ்சரே இல்லை என்பாரும் உண்டு. உண்மைதான்; ஆனால் எடை கூடும், குழியின் அடி கூடுதலாக அச்சுக்கும் கொக்கிக்கும் போகும். பஞ்சர் ஒட்டுகிற செலவு வெல்டிங் பட்டறைக்கு மாறும், அவ்வளவே.

ஆகவே ஒரு விண்ணப்பம். மானியப் பெட்டியோடு ஸ்டெப்னி ஒன்றும் காற்றளக்கும் கருவி ஒன்றும் கட்டாயம் என்று விதியில் ஒரு வரி சேருங்கள். அடுத்த ஆய்வில் பெட்டியைப் படமெடுக்கும்போது, தயவுசெய்து கொஞ்சம் குனிந்து சக்கரத்தையும் எடுங்கள்.

இப்படிக்கு,
வரிசையில் நிற்கும் ஒரு குடிமகன்