கோடைக்கால வெஞ்சனவியல்: பழைய சோற்றின் துணைப்பொருள்கள் குறித்து ஓர் ஆய்வு

பழைய சோற்றைப் பற்றி இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் சோற்றைப் பற்றியே எழுதிவிட்டார்கள். நுண்ணுயிர் இருக்கிறது, குடலுக்கு நல்லது, முன்னோர்கள் முட்டாள்கள் அல்லர் என்று மூன்று வாக்கியத்தில் விஷயம் முடிந்துவிடுகிறது. ஆனால் சித்திரை மாதக் காலையில் கும்பாவை முன்னால் இழுத்துப் போட்டவுடன் மனிதன் கேட்கும் முதல் கேள்வி நுண்ணுயிரைப் பற்றியதல்ல. "தொட்டுக்கிட என்ன இருக்கு?" என்பதுதான். இக்கேள்வி ஆய்வுலகின் கண்ணில் படாமலே போனது தமிழ் அறிவுத்துறைக்கு நேர்ந்த பேரிழப்பு. அதை ஈடுகட்டவே வெஞ்சனவியல் என்னும் இத்துறை இங்கே தோற்றுவிக்கப்படுகிறது. தென்மாவட்டங்களில் சோற்றுக்குத் துணையாக வரும் எதுவும் வெஞ்சனம். பிற வட்டாரத்தார் தொடுகறி என்றோ கடிச்சிக்கிறது என்றோ தத்தம் வசதிப்படி மாற்றி வாசித்துக்கொள்ளலாம்.

ஆய்வுக் களம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காடு; ஒப்பீட்டுக்குக் கடற்கரை. காலம் பங்குனியில் தொடங்கி ஆனி வரை. மே 4ஆம் தேதி வாக்கில் தொடங்கி 28 வரை நீளும் அக்கினி நட்சத்திரத்துக்குச் சிறப்புக் கவனம் அளிக்கப்பட்டது. முதன்மைத் தகவலாளி ஆய்வாளரின் பெரியம்மா. ஆய்வின் நோக்கத்தை விளக்கி அவரிடம் ஒப்புதல் பெற முயன்றபோது, "முதல்ல சோத்தத் தின்னுட்டு எழுதுப்பா, ஆறிறப் போகுது" என்றார். பழைய சோறு முந்தின இரவே ஆறிவிட்டது என்று ஆய்வாளர் சுட்டிக்காட்டினார். தகவலாளி அதைப் பொருட்படுத்தவில்லை.

வெஞ்சனத்தை ஆராயுமுன் சோற்றைத் தரப்படுத்த வேண்டும். அரிசி புழுங்கலாக இருக்க வேண்டும். பச்சரிசி ஊறினால் குழைந்து கூழாகிவிடும். சோறு வடித்ததாக இருக்க வேண்டும். தை, மாசியில் அறுத்த சம்பா நெல் கோடைக்குள் சற்றே பழசாகி, சோறு விறைப்பாக நிற்கும். அதை இரவில் தண்ணீர் ஊற்றி மண்பானையில் மூடி வைத்தால், பானையின் நுண்துளை வழியே நீர் கசிந்து ஆவியாகி வெப்பத்தைத் தணிக்க, லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் விடியும்வரை வேலை பார்க்கின்றன. குக்கரில் குழைந்த மாதிரிகள் ஆய்விலிருந்து நீக்கப்பட்டன. அவை பழைய சோறு அல்ல, முந்தின நாள் சோறு.

ஆய்வு மரபுப்படி இனி முன்னாய்வுகளைக் குறை சொல்ல வேண்டும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் நோய்க்காகப் பழைய சோற்றை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள், மெச்சத்தக்கது. வெஞ்சனவியலார் அவர்களிடம் கேட்க விரும்புவது ஒன்றே ஒன்று: நோயாளிக்குத் தொட்டுக்கொள்ள என்ன கொடுத்தீர்கள்? ஒடிசாவில் பழைய சோற்றுக்குப் பகாளம் என்று பெயர்; மார்ச் 20ஆம் தேதியைப் பகாளத் திருநாளாகக் கொண்டாடுகிறார்கள். பூரி ஜகந்நாதருக்கே பகாளம் படைக்கப்படுகிறது. ஆனால் ஒடியாக்காரர் யாரிடமாவது அதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஒரு வாக்கியத்துக்குள் அவர் வடகத்துக்கும் பொரித்த மீனுக்கும் கீரைக்கும் தாவிவிடுவார். 2021இல் ஆஸ்திரேலிய மாஸ்டர்செஃப் இறுதிச் சுற்றில் வங்காள வம்சாவளிப் பெண்ணான கிஷ்வர் சௌத்ரி, புகையூட்டிய பாந்தா பாத் என்னும் வங்காளப் பழைய சோற்றை நடுவர்கள் முன் வைத்தார். உலகமே சோற்றைக் கொண்டாடியது. கூடவே இருந்த உருளைக்கிழங்கு மசியலையும் மத்தி மீனையும் யாரும் உரிய முறையில் கௌரவிக்கவில்லை. மதிப்பெண் வாங்கித் தந்தது மத்திதான் என்பது இக்கட்டுரையின் துணிபு. ஆதாரம் பிறகு வரும்.

இனி சின்ன வெங்காயம். இது துறையின் அடிப்படை அலகு. பெரம்பலூர், திண்டுக்கல், திருப்பூர்ப் பக்கங்களில் விளைவது. லாரியேறி வடக்கேயிருந்து வரும் பெல்லாரி வெங்காயத்தைப் பழைய சோற்றுக்குக் கடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி இங்கே பேச வேண்டியதில்லை. சின்ன வெங்காயத்தைக் கையாள்வதில் மூன்று சிந்தனைப் பள்ளிகள் உள்ளன. நறுக்குவோர், கடிப்போர், குத்துவோர். வெங்காயத்தின் திசுக்களில் நொதியும் கந்தகச் சேர்மமும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. திசு உடையும்போதுதான் இரண்டும் சந்தித்துக் காரமும் நெடியும் பிறக்கின்றன. ஆகவே முன்கூட்டியே நறுக்கி வைப்பவர் அந்தச் சந்திப்பைத் தட்டில் நடத்தி, பாதியைக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறார். கடிப்பவர் அதை வாய்க்குள்ளேயே நடத்துகிறார். வரப்பில் உட்கார்ந்து உள்ளங்கையில் வைத்து ஒரே குத்தாகக் குத்துபவர் நெடியில் கொஞ்சம் இழந்தாலும், தோல் தானாகக் கழன்று வருவதால் உழைப்பை மிச்சப்படுத்துகிறார். அறிவியல் கடிப்போர் பக்கம், பொருளாதாரம் குத்துவோர் பக்கம். நறுக்குவோர் பக்கம் நாகரிகம் மட்டுமே நிற்கிறது.

அடுத்தது மோர் மிளகாய். மிளகாயைக் கீறி, உப்புப் போட்ட மோரில் இரவெல்லாம் ஊறவைத்துப் பகலெல்லாம் வெயிலில் காயவைத்து, சாயங்காலம் மறுபடி அதே மோரில் போட்டு, மோர் வற்றும்வரை இப்படியே இழுக்க வேண்டும். மிளகாயின் காப்சைசின், நாக்கில் சூட்டை உணரும் அதே வாங்கியைத் திறந்து, வாய் வெந்துவிட்டது என்று மூளைக்குப் பொய்த் தந்தி அனுப்புகிறது. உடம்பு அதை நம்பி வியர்த்துக் குளிர்கிறது. இந்த வாங்கியை 1997இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பாலின் புரதம் காப்சைசினைப் பற்றி இழுத்துக்கொண்டு காரத்தைத் தணிக்கும் என்பதும் அறிவியலே. அதாவது நோயையும் மருந்தையும் ஒன்றாக ஊறப்போட்டு வெயிலில் காயவைத்திருக்கிறார் பெரியம்மா. அவருக்கு ஸ்டாக்ஹோமிலிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. பறவைகளுக்கு அந்த வாங்கி காப்சைசினுக்கு மசிவதில்லை. கிளிக்குப் பழைய சோறு வைப்போர் மிளகாயை மிச்சப்படுத்தலாம்.

கடற்கரைத் தரவு வேறொரு கதை சொல்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன்கள் இனம் பெருக்கட்டும் என்பதற்காக. கோடை உச்சத்தில், பழைய சோறு உச்சத்தில் இருக்கும் அதே நேரத்தில், பச்சை மீன் வரத்துச் சுருங்கிவிடுகிறது. அந்த இடத்தில் நெத்திலிக் கருவாடும் வாளைக் கருவாடும் பதவியேற்கின்றன. அரசாணையும் அடுப்படியும் இவ்வளவு ஒத்துப்போகும் இடம் வேறொன்றை ஆய்வாளர் அறியார்.

வத்தல்களைச் சுருக்கமாக: மிதுக்கு, சுண்டை, சீனியவரை. மூன்றும் நல்லவை. மிதுக்கு வத்தலைச் சாப்பிடாதவர்களுக்கு விளக்க முடியாது, சாப்பிட்டவர்களுக்கு விளக்க வேண்டாம்.

இத்தரவுகளிலிருந்து இரண்டு விதிகள் பிறக்கின்றன. முதல் விதி: கோடை வெஞ்சனத்தைச் சமைப்பது அடுப்பல்ல, வெயில். மிளகாய், வத்தல், கருவாடு, வெயிலில் சுருங்கும் உப்பு நார்த்தங்காய் என எதை எடுத்தாலும் முக்கால் வேலையை மொட்டைமாடியே முடித்துவிடுகிறது. எந்த வெயில் மனிதனை அடுப்பங்கரைக்குள் போகவிடாமல் தடுக்கிறதோ, அதே வெயில் மேலே சமைத்துக்கொண்டிருக்கிறது. வத்தல் பொரிக்கும் சில நிமிடங்களுக்கு மட்டும் இவ்விதியில் விலக்கு உண்டு.

இரண்டாம் விதிதான் முக்கியம். நல்ல வெஞ்சனம் தனியே தின்ன முடியாததாக இருக்க வேண்டும். கருவாட்டை வெறுமனே தின்றால் உப்புக் கரிக்கும். மோர் மிளகாயை வெறுமனே கடித்தால் கண் கலங்கும். வடுமாங்காயைச் சும்மா தின்பவன் பல் கூசி எழுந்து போவான். பச்சை வெங்காயத்தைத் தனியே தின்பவன் வீட்டில் தனியே இருக்க நேரும். இவை சோற்றை நாடி நிற்கின்றன. சோறும், உப்பும் சப்பும் இல்லாமல், இவற்றை நாடி நிற்கிறது. ஒரு கை சோற்றுக்கு ஒரு கடி. அதற்கு மேல் வெஞ்சனமே அனுமதிக்காது. வேர்வையில் போன உப்பு அளவோடு திரும்பி வருவதும் இப்படித்தான்.

இவ்விதியின்படி, இன்று நகரத்து ஓட்டல்களில் மண்சட்டியில் பழைய சோறு ஊற்றிச் சுற்றிலும் பத்துக் கிண்ணங்களை அடுக்கித் தரும் ஏற்பாடு முறையியல் பிழை. ஆம்லெட், ஈரல் வறுவல், உருளைக்கிழங்குப் பொரியல், நடுவில் சோறு. இவை ஒவ்வொன்றும் தனியே தின்னத் தக்கவை, தின்னவும் படுகின்றன. கடைசியில் சோறுதான் அவற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் பொருளாகிறது. விலையை இங்கே விவாதிப்பது ஆய்வறத்துக்கு ஒவ்வாது. ஆனால் அந்தப் பணத்துக்கு ஒரு பருவத்துக்கான மோர் மிளகாய் போடலாம்.

விதிக்கு அடங்காத பொருள் ஒன்று உண்டு, மறைக்கக் கூடாது. முந்தின நாள் மீன் குழம்பை மண்சட்டியிலேயே சுண்டவைத்தது. அது தனியே தின்னத் தக்கது. ஆனாலும் பழைய சோற்றுக்கு அதைவிடச் சிறந்த துணை இல்லை. இம்முரணைத் தகவலாளியிடம் வைத்தபோது, "அது வெஞ்சனமாப்பா? அது கொழம்பு" என்று சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வகைப்பாட்டுச் சிக்கல் அத்துடன் தீர்ந்தது.

பல்கலைக்கழகங்கள் வெஞ்சனவியலுக்கு ஓர் இருக்கையாவது, முடியாவிட்டால் ஒரு பலகையாவது, ஒதுக்க வேண்டும். இவ்வாய்வேட்டைச் சோதிக்க விரும்பும் புறத்தேர்வாளர்கள் காலை எட்டு மணிக்குள் வர வேண்டும். அதன்பின் மாதிரி மீதமிருக்காது. வெங்காயத்தை அவரவரே உரித்துக்கொள்ளவும்.