மல்லாக்கப் படுத்த மணல்

இலங்கையின் புல்மோட்டைக் கரையில் கறுப்பு மணலை ஆழத் தோண்டவும் வேண்டியதில்லை. வாடைக்காற்றுக் காலத்தில் கடலே கொண்டுவந்து ஒதுக்கிவிடும். இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் எல்லாம் அதில் உண்டு. 1957இல் இதற்கென்றே கனிய மணல் கூட்டுத்தாபனம் அமைத்தோம். அன்று தொட்டு நம் பங்கு அள்ளுவது, பிரிப்பது, கப்பலில் ஏற்றுவது. மிச்சத்தை வாங்குகிறவன் பார்த்துக்கொள்வான்.

போர்க்காலத்தில் சாக்குச் சொல்லவாவது வழி இருந்தது. 1997இல் மணல் ஏற்ற வந்த ‘கோர்டியலிட்டி’ கப்பலே தாக்கப்பட்டது. 2009இல் போர் முடிந்த பிறகு அந்தச் சாக்கும் போயிற்று. இப்போது “மதிப்புக் கூட்டுவோம்” என்கிறோம். குப்புற விழுந்தவனைப் பற்றிக் கவலை இல்லை, எப்படியும் கையூன்றி எழும்பிவிடுவான். நம்மைப் போல் மல்லாக்கப் படுத்தவனுக்குத்தான் எல்லாம் வசதி: வானம் தெரியும், திட்டமும் தெரியும், முதுகை மட்டும் தூக்க வேண்டாம்.

கடல் கடந்த கறுப்பு மணல் அங்கே டைட்டானியம் டைஒக்சைட் என்ற வெள்ளைத் தூளாகிறது. பெயின்டுக்கும் பற்பசைக்கும் வெண்மை தருவது அதுதான். அதை நாம் இறக்குமதி செய்கிறோம், வரியும் கட்டி. புல்மோட்டைக்காரர் பெருநாளுக்குச் சுவருக்கு வெள்ளை பூசினால் டொலர் விலை.