எம்பி3 வாலாராய்ச்சி

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பழைய இசைத்தட்டுகளில் உறங்கிக் கிடந்த நாட்டுப் பாடல்களும், 1960-களின் ராக் சங்கீதமும், 1999-இல் நாப்ஸ்டர் என்னும் பாட்டுப் பகிர்வுச் சேவை தோன்றியபின் கணினிகளில் இறங்கிவந்து புனர்ஜன்மம் எடுத்த சரித்திரம் பிரசித்தமானது. ஆயினும், அவ்வாறு இறங்கிய பாட்டுகளின் வாலில் ஒட்டிக்கொண்டு வந்த சிறு சீட்டின்பால் வித்துவான்கள் பாராமுகமாக இருந்துவிட்டது ரசிக உலகத்துக்குப் பெருநஷ்டமாகும்.

'டேக்' எனப்படும் இச்சீட்டுக்கு, 1996-இல் எரிக் கெம்ப் வகுத்த இலக்கணப்படி, எம்பி3 கோப்பின் கடைசி 128 பைட்டுகளே ஸ்தானம். அவற்றுள் மூன்று, 'இதுதான் சீட்டு' என்று தன்னைத்தானே அறிவித்துக்கொள்வதிலேயே கழிந்துவிட, எஞ்சியதில் பாட்டின் பெயருக்கு 30, பாடியவருக்கு 30, தொகுப்புக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புரைக்கு 30, வகைக்கு ஒன்று என்று பாகப்பிரிவினை நடந்திருக்கிறது.

ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்; சொற்களுக்கிடையே விடும் வெற்றிடத்துக்கும் அதே வரி. ஹாரி ஸ்மித் 84 பழம் பதிவுகளைத் திரட்ட, ஃபோக்வேஸ் நிறுவனம் 1952-இல் வெளியிட்ட 'ஆன்த்தாலஜி ஆஃப் அமெரிக்கன் ஃபோக் மியூசிக்' என்னும் மகாகிரந்தம், வெற்றிடங்களையும் சேர்த்து எண்ண 32 வருவதால், கடைசி இரண்டெழுத்தைப் பறிகொடுத்து 'மியூஸ்' என்று நொண்டி நின்றது. சொற்களை ஒட்டி எழுதியிருந்தால் 28-இல் அடங்கியிருக்கும் என்பதை எவரும் கவனிக்கவில்லை. பீட்டில்ஸ் 1967-இல் வெளியிட்ட 'சார்ஜண்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்', கிளப்பில் பாதியோடு நின்று, பேண்டு வாத்தியம் முழுவதையும் வாசலுக்கு வெளியே நிறுத்திற்று. டைரனோசாரஸ் ரெக்ஸ் குழுவினர் 1968-இல் தம் முதல் தொகுப்புக்கு ஒரு முழு வாக்கியத்தையே பெயராகச் சூட்டிவிட்டபடியால், ஆகாயத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொல்லில் இரண்டெழுத்து மட்டும் உள்ளே வந்தது. ஆகாயத்தில் மூன்றிலொரு பங்கு இப்படிப் போனது பற்றி எந்த வானசாஸ்திரியும் வாய் திறக்கவில்லை.

இனி வகை. ஆதிப் பட்டியலில் 0 முதல் 79 வரை எண்பது வகைகள். கிளாஸிக் ராக்குக்கு அதில் 1-ஆம் எண் வாய்த்தது. போல்கா நடனத்துக்குக்கூட 75-ஆம் இடம் கிடைத்தது. நாட்டுப் பாடலுக்கோ இடமே இல்லை. பிறகு வின்ஆம்ப் என்னும் பாட்டு இசைக்கும் மென்பொருள்காரர்கள் பட்டியலை நீட்டியபோதுதான், மனம் இரங்கினாற்போல், அதற்கு 80-ஆம் எண் வழங்கப்பட்டது. பாட்டன் பந்திக்கு வந்து சேர்வதற்குள் பேரன்மார் கைகழுவிவிட்டார்கள்.

கர்த்தா நிர்ணயத்தில் விளைந்த குழப்பம் இன்னும் சுவாரஸ்யமானது. பாப் டிலனின் பாணியைக் கேலி செய்து ஸ்டீலர்ஸ் வீல் என்ற ஸ்காட்லாந்துக் குழுவினர் பாடிய 'ஸ்டக் இன் த மிடில் வித் யூ', டிலனின் பெயரையே தாங்கி ஊர் ஊராய் இறங்கியது. அமெரிக்கா என்ற குழுவின் 'எ ஹார்ஸ் வித் நோ நேம்' நீல் யங்கின் கணக்கில் ஏறியது. 1972-இல் நீல் யங்கின் 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' பாட்டை முதலிடத்திலிருந்து இறக்கியதே அந்தப் பாட்டுத்தான் என்பதை அறிந்தவர்க்கு இது எத்தகைய விபரீதம் என்பது புலப்படும். சொந்தக்காரர் தெரியாத தனிப்பாடலையெல்லாம் ஔவையார் தலையில் கட்டிய நமக்கு இதில் ஆச்சரியப்பட அதிகாரமில்லை.

சீட்டிலக்கணத்தின் இரண்டாம் பதிப்பு 1998-இல் வந்து, நீளத் தடையைத் தளர்த்தி, சீட்டை வாலிலிருந்து தலைக்கு மாற்றிவிட்டதே என்று பூர்வபக்ஷிகள் ஆட்சேபிக்கலாம். மெய்தான், ஆனால் கைமாறிக் கைமாறிப் பிரதியெடுக்கப்பட்ட பழைய கோப்புகள் பழைய வாலோடுதான் திரிந்தன.

எஞ்சியிருப்பது ஆண்டுக்குரிய நான்கு இடங்கள். ராக் பாட்டுக்கு இதில் வில்லங்கமில்லை. 'பார்பரா ஆலன்' என்னும் பழம்பாட்டுக்கு என்ன எழுதுவது? ஜோன் பயஸ் அதைத் தட்டில் பாடியது 1961. சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் ஒரு நடிகை பாடக் கேட்டதாக எழுதி வைத்தது 1666. அதற்கு எவ்வளவு காலம் முன்பு பிறந்தது என்பதற்கு ஜாதகமில்லை. கட்டம் நான்கையும் காலியாக விடுவதே சாஸ்திர சம்மதம் என்பது இவ்வாராய்ச்சியின் சித்தாந்தம். அப்படி விட்டபின் ஆண்டு வரிசைப்படி அடுக்கச் சொன்னால், பல கருவிகளில் ஆண்டில்லாத பாட்டே எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்கும்; 1-ஆம் எண் பெற்ற கிளாஸிக் ராக் அதற்குப் பின்னால்தான்.