நட்சத்திரம்: மூலம்

சுங்கை பட்டாணியில் தாமானுக்கு ஒருவனாவது இருக்கிறான். அம்மா அப்பா வைத்த பெயர் எதுவானாலும் ஊர் வைத்த பெயர் 'மோடம் தம்பி'. அப்படிக் கூப்பிட்டால் அவனுக்குப் பொறுக்காது. "அங்கிள், மோடம் வேற, ரூட்டர் வேற" என்று ஆரம்பித்தானானால், தே தாரேக் ஆறி ஆடை கட்டிய பிறகுதான் நிறுத்துவான்.

எங்கள் தாமான் தம்பிக்குக் கூலிம் ஹைடெக் பார்க்கில் ஷிப்டு வேலை. இரவு ஷிப்டு முடிந்து வந்தால் மனுஷன் தூங்குவான். இவன் கம்பைல் போடுவான். கடையில் வாங்கிய ரூட்டரை அதில் இருக்கும் மென்பொருளோடு ஒரு நாள்கூட ஓட்டியதில்லை. அதைத் துடைத்துவிட்டு ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி. ஏற்றியாக வேண்டும். அதுவும் இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கிறது, இறக்கி ஏற்றினால் பத்து நிமிஷ வேலை. அது அவனுக்குச் செரிக்காது. "நான் மூலத்திலிருந்து கட்டுறேன், அங்கிள்."

இதை முதன்முதலில் கேட்ட பக்கத்து வீட்டுப் பாட்டி மறுநாள் காலை யாருக்கும் தெரியாமல் ஒரு கட்டு துத்திக் கீரை கொண்டுவந்து கொடுத்தார். அவன் அம்மாவின் கவலை வேறு. பையன் பிறந்ததும் மூல நட்சத்திரம். ஆண் மூலம் அரசாளும் என்றார்களே என்று யாராவது ஆறுதல் சொன்னால், "ஆளுறான், அந்த மூலையில உட்கார்ந்து" என்பார்.

மாமாக் கடையில் அவன் சொல்லும் புராணம் ஒன்றுதான். 2002 கடைசியில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்று நீலமும் கறுப்புமாக ஒரு பெட்டியை விற்பனைக்கு விட்டது. அடுத்த வருஷமே சிலர் அதன் வயிற்றுக்குள் லினக்ஸ் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். லினக்ஸின் உரிமம் ஜி.பி.எல். எடுத்துப் பயன்படுத்தி விற்றால், வாங்கியவருக்கு மூல நிரலையும் கொடுத்தாக வேண்டும் என்பது அதன் சட்டம். நிறுவனம் கொடுத்தது. அந்த வித்திலிருந்து 2004-இல் முளைத்ததுதான் ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி.; பெயரில் பாதி அந்தப் பழைய பெட்டியினுடையது. இதைச் சொல்லும்போது தம்பியின் குரல் தழுதழுக்கும். ரொட்டி சானாய் வந்துவிட்டதே என்பதுதான் கேட்பவர்கள் கவலை.

ஆரம்ப கால வெளியீடுகளுக்கெல்லாம் காக்டெயில் பெயர்கள்: ஒயிட் ரஷ்யன், காமிகாசே, பேக்ஃபயர். ரூட்டருக்குள் நுழைந்தால் வாசலிலேயே அதைக் கலக்கும் விதம் எழுதியிருக்கும். 1947-இல் பீடோங் ஹார்வர்டு தோட்டத்து ஏ. எம். சாமி தொண்டர் படை திரட்டிக் கள்ளுக்கடையை எதிர்த்து நின்ற வட்டாரம் இது. அதே வட்டாரத்தில், ஒரு சொட்டும் தொடாத பையன் ஓட்காவின் அளவை மனப்பாடமாய்ச் சொல்கிறான்.

கட்டுமானத்தின் முதல் சடங்கு 'மேக் மெனுகான்ஃபிக்'. நீலத் திரையில் கல்யாண வீட்டு மளிகைச் சாமான் பட்டியல் மாதிரி ஒன்று விரியும். ஒவ்வொரு சாமானுக்கும் எதிரே ஒரு கூடு. நட்சத்திரம் போட்டால் அது ரூட்டருக்குள்ளேயே போய் உட்காரும். 'எம்' போட்டால் தனிப் பொட்டலமாய் வெளியே நிற்கும். எல்லாவற்றுக்கும் நட்சத்திரம் போட ஆசை இருக்கும், பெட்டியில் இடம் இருக்காது. ஆகவே இரண்டு மணி நேரம் நட்சத்திரம் பார்ப்பான். ஒருநாள் அந்தச் சமயம் பார்த்துப் பெண் வீட்டார் வந்தார்கள். அந்த நட்சத்திரத்தைப் பார்க்கத்தான் அவனுக்கு நேரமில்லாமல் போயிற்று.

பிறகு 'மேக்' என்று தட்டுவான். உடனே ரூட்டர் மென்பொருள் தயாராகும் என்று நினைத்தால் நீங்களும் என்னைப் போன்ற அப்பாவி. மடிக்கணினியின் சிப்பு பேசும் பாஷை வேறு, ரூட்டருக்குள் இருக்கும் மிப்ஸ், ஆர்ம் சிப்புகளின் பாஷை வேறு. இங்கே உட்கார்ந்து அங்கே புரியும்படி எழுதுகிற கம்பைலர் ஒன்று முதலில் பிறக்க வேண்டும். உலை வைக்கச் சொன்னால் மண் பிசைந்து பானை வனைய உட்கார்வது போல. வட்டில் பத்துப் பதினைந்து ஜிகாபைட் போய்விடும். அவனிடம் இருப்பது பழைய மடிக்கணினி, அதனால் ஒரு ராத்திரியும் போய்விடும். விசிறி போடும் சத்தத்தில் வீட்டுப் பூனை எதிர்வீட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. விடிந்ததும் கடைசியில் வந்து விழும் கோப்பு எட்டு மெகாபைட்கூடத் தேறாது.

அப்பா பாடாங் செராய்ப் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். கணக்கில் கெட்டி. "நாங்க நூறு கிலோ பால் ஊத்தினா முப்பது கிலோ சீட்டாவது வரும். இவன் ராத்திரி பூரா ஊத்துறது எங்கடா போவுது?"

ஏற்றிய அன்று வீட்டில் லைன் இருக்காது. "லயத்துல பொறந்து வளர்ந்தேன், இப்ப லைன் இல்லாம உட்கார்ந்திருக்கேன்" என்பார் அப்பா. ஒருமுறை தம்பி தலையில் அடித்துக்கொண்டு, "ஐந்நூறைப் போட மறந்துட்டேன்பா" என்றான். யூனிஃபை இணைப்பில் இணையம் 500 என்ற வீ-லேன் எண்ணில் வரும், தொலைக்காட்சி 600-இல் வரும். அதைக் குறிக்காவிட்டால் பெட்டி பேசாமல் நிற்கும். அப்பாவுக்குக் கேட்டது ஐந்நூறு வெள்ளி. "எவன் கல்யாணத்துக்குடா ஐந்நூறு மொய்?"

போன மாதம் ஒரு பெட்டி ஒரேயடியாகப் படுத்துவிட்டது. பச்சை விளக்கும் இல்லை, சிவப்பும் இல்லை. இவர்கள் பாஷையில் 'பிரிக்'. இனி மூடியைத் திறந்து உள்ளே கம்பி கொடுத்துத்தான் எழுப்ப வேண்டும். அந்த மூடியில் திருகாணி கிடையாது, கவ்விப் பிடிக்கும் கொக்கிகள் மட்டும். தம்பி சமையலறைக் கத்தியால் நெம்ப, பிளாஸ்டிக் முனகியது. திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்குத் தாங்கவில்லை. உள்ளே போய்த் துணியில் சுற்றி வைத்திருந்த பால்வெட்டுக் கத்தியோடு வந்தார். வேலைக் காலத்தில் அந்தக் கத்தியைத் தீட்டக்கூட அவர் யாரிடமும் கொடுத்ததில்லை.

"ஆழம் போகாத. பட்டையோட நிக்கணும்." இடுக்கில் நுனியை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து, ஓரமாக ஒரு இழுப்பு. டக், டக்கென்று நான்கு கொக்கிகளும் விட்டன. ஒரு கீறல் இல்லை.

உள்ளே பலகையில் மூன்று கால்கள். மின்சாரம் 3.3 வோல்ட்டைத் தாண்டினால் சிப்பு காலி. பேசும் கம்பியைக் கேட்கும் காலிலும், கேட்கும் கம்பியைப் பேசும் காலிலும் மாற்றிக் கொடுக்க வேண்டும். "சம்பந்தி பேசுறாப்புல" என்றார் அப்பா, டார்ச் விளக்கைப் பிடித்தபடி. வேகம் 115200 என்று தட்டிவிட்டு மின்சாரம் கொடுத்தான். கறுப்புத் திரையில் ஒரு வரி வந்தது. நின்றது. இன்னொரு வரி. பிறகு விடாமல் கீழே இறங்கத் தொடங்கியது.

அப்பா குனிந்து பார்த்தார். "பால் வடியுதுடா" என்றார்.

நல்ல சமயம் பார்த்துச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் பழைய ரூட்டர் இருந்தால் குப்பையில் போடாதீர்கள். தம்பியிடம் கொண்டுவாருங்கள், காசு வாங்க மாட்டான். வரும்முன் பெட்டியைக் கவிழ்த்து, மாடல் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாய் 'வி' போட்டு ஓர் எண் இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் வி ஒன்றுக்கும் வி இரண்டுக்கும் வயிறு வேறு வேறாக இருக்கும். சேமிப்பு வெறும் நாலு மெகாபைட் என்றால் மட்டும் கொண்டுவர வேண்டாம். புது வெளியீடு எதுவும் அதில் ஏறாது. ஏறாது என்று தெரிந்தும் அவன் ஒரு வாரம் தூங்க மாட்டான். அவன் அம்மா என்னைத்தான் ஏசுவார்.